நாலாம் நம்பர் பிரஷ்

கடலூர் ஓ.டி.யில், ஐஸ் பேக்டரிக்குப் பின்னால்,
கரையேற்றிய ஃபைபர் படகின் நெற்றியில்
'அமுதினியாள்' என்று எழுதிக்கொண்டிருந்தேன்.
அஞ்சாப்புலி அண்ணனுடைய மகள் பெயர்.
கடைசி எழுத்துக்குப் புள்ளி மட்டும் பாக்கி.

அப்போதுதான் வந்தது,
கருங்கல் குவியலுக்குள்ளிருந்து
மூக்கில் மீன் செதில் ஒட்டிக்கொண்டு
ஒரு கீரி.
பின்னங்காலில் எழுந்து நின்று பார்த்தது,
வட்டிக்காரன் வாசலில் நிற்பதுபோல.
இல்லை, அப்படிச் சொல்வது என் மனசு.
அது சும்மாதான் பார்த்தது.
வெயில், ஒரு பொம்பளை, ஒரு பெயிண்ட் டப்பா.

அதன் மேல்முடி ஒவ்வொன்றிலும்
வெளுப்பு, கருப்பு, மறுபடி வெளுப்பு என்று
வளையம் வளையமாக இருந்தது.
என் விரலிடுக்கில் இருந்ததிலும்
அதே வளையம்.

பன்னிரண்டு வருஷமாகத் தெரியாது என்று
நான் சொல்லமாட்டேன்.
புதுச்சேரிக் கடைக்காரர் செய்தித்தாளில் சுருட்டித் தருவார்.
பில் கிடையாது.
"நாட்டு முடிம்மா" என்பார்,
நாட்டுக்கோழி, நாட்டுச் சர்க்கரை மாதிரி.
எந்த முதுகு என்று நான் கேட்டதில்லை.
கேட்காததற்குத்தான் பத்து ரூபாய் குறைத்தாரோ என்னவோ.

நைலான், எனாமலில் முக்கினால் துவண்டுவிடும்.
இது வளையும், உடனே நிமிரும்.
'ழு'வின் சுழியை ஒரே மூச்சில் சுற்றி வந்து
ஊசிமுனையில் கொண்டுபோய் நிறுத்த
வேறெதற்கும் கை பழகவில்லை.

போன மாதம் இரண்டாம் நம்பர் வாங்கப் போனேன்.
கடைக்குச் சீல் வைத்துக்கொண்டிருந்தார்கள்.
வனத்துறைப் பெண், பேட்ஜில் சோபிகா என்று இருந்தது,
போனில் லென்ஸ் மாட்டி ஒரே ஒரு முடியை
வேடிக்கை பார்த்த எங்களுக்கும் காட்டினாள்.
கீரிக்கு ரெண்டு சட்டை, என்றாள்.
உள்ளே பஞ்சு. குளிரை அது பார்த்துக்கொள்ளும்.
வெளியே இது.
மழை இதன்மேல் வழுக்கும், முள் இதோடு நின்றுவிடும்,
சேறு காய்ந்து இதிலிருந்தே உதிரும்.
பாம்பு எதிரே படமெடுத்தால்
இது அத்தனையும் சிலிர்த்து நிற்கும்.
இவ்வளவு பெரிய உடம்பா என்று ஏமாந்து
பாம்பு வெறும் முடியைக் கொத்தும்.
பிரஷ் கட்டுகிறவர்கள் பஞ்சைச் சீவி எறிந்துவிடுவார்களாம்.

உடம்பைச் சூடாக வைத்திருந்ததற்கு விலையில்லை.
அடி வாங்கியதற்குத்தான்.

கூலியில் பாதி நிறுத்தியவனிடமும்
புயலில் ஓடு பறந்த அன்றைக்கும்
'போனா மயிரே போச்சு' என்று சொன்னவள் நான்.
இப்போது அது
தொண்டையோடு நிற்கிறது.

தினமும் வேலை முடிந்தால்
மண்ணெண்ணெயில் அலசி, சோப்பில் கழுவி,
நுனியை உதட்டில் வைத்துக் கூராக்கி
நிழலில் காயவைப்பேன்.
கட்டினவனுக்குக் கொடுத்த முத்தம்
அதில் கால்வாசி தேறாது.

கீரி போய்விட்டிருந்தது.
மணலில் அதன் வால் இழுத்த கோடு,
அப்படியொன்றும் நேராக இல்லை.

அண்ணன் டீயோடு வந்து
"என்ன, புள்ளி வைக்கலியா?" என்றார்.
பிரஷைக் கீழே வைத்துவிட்டு
ஆள்காட்டி விரலை டப்பாவில் முக்கி வைத்தேன்.
பெரிசாகிவிட்டது. கொஞ்சம் வழிந்தும்விட்டது.
"திருஷ்டிப் பொட்டா?"
"ஆமா" என்றேன்.

அடுத்த படகை நைலானில் எழுதினேன்.
எழுத்து குடித்தவன் நடையாக இருந்தது, திட்டு வாங்கினேன்.
பழைய பிரஷ்கள் பதினேழும்
ஹார்லிக்ஸ் பாட்டிலில்தான் இருக்கின்றன.
எறிய மனசில்லை, எடுக்கவும் கை வரவில்லை.
நுனி கெடாமல் இருக்கட்டும் என்று
இன்னும் நிமிர்த்தித்தான் வைத்திருக்கிறேன்.
ராத்திரி ஃபேன் அந்தப் பக்கம் திரும்பும்போதெல்லாம்
லேசாகச் சிலிர்க்கின்றன.